வன்னிக்கு வரவிருக்கும் திருச்சபைக் குழு: அங்கே பொறுப்பெடுப்பவரை எப்படித் தெரிவுசெய்வது?

முள்ளியவளைப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. என் தாய்வழிப் பாட்டனாரின் வளவு முள்ளியவளையில் இன்னும் இருந்தாலும், நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். வருகிற ஆகஸ்ட் மாதம் 11 பேர் கொண்ட குழுவொன்றை இரண்டு கிழமைக்கு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு ஊழியப் பயணமாக அனுப்புவதென்று எங்கள் செயற்குழு தீர்மானித்து, ஒழுங்குகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. தங்குமிடம், வாகனம், நாள் நிகழ்ச்சிகள், உதவி பெறும் குடும்பங்களின் தெரிவு ஆகிய எல்லாவற்றையும் அங்கேயுள்ள ஒருவரே பொறுப்பெடுக்க வேண்டும் என்பதால், அந்த ஒருவரைத் தெரிவுசெய்வதில்தான் தடுமாறுகிறேன்.

மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். முதலாமவர் விசுவமடுப் பக்கத்தில் தனிச் சபை நடத்தும் ஒரு போதகர். வாட்ஸ்அப்பில் கேட்டால் சில நிமிடங்களில் பதில் வருகிறது. 14 நாளுக்குமான நிகழ்ச்சி நிரலையும் செலவுக் கணக்கையும் அனுப்பிவிட்டார். இரண்டாமவர் பழைய சபையொன்றின் குருவானவர். அவரிடமிருந்து பதில் வர இரண்டு கிழமை ஆகிறது, வரும்போதும் பதிலைவிடக் கேள்விகளே அதிகமாக இருக்கின்றன. மூன்றாமவர் ஒரு சிறுவர் இல்லத்தை நடத்துகிறார். இல்லத்து வளவிலேயே நாங்கள் எல்லோரும் தங்கலாம், வாடகை வேண்டாம் என்கிறார். செயற்குழுவில் பலருக்கு முதலாமவரைப் பிடித்திருக்கிறது. அந்த மண்ணில் இருப்பவர்கள் எதைப் பார்த்துத் தெரிவுசெய்வீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கரைச்சி வாத்தியார்

தம்பி, மூவரில் யார் நல்லவர் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய மறுநாள், உங்கள் வருகையால் ஊரில் என்ன நடந்ததோ அதற்கு முகங்கொடுத்துக்கொண்டு அங்கேயே வாழப்போகிறவர் யார் என்று பாருங்கள். பத்துக் குடும்பங்களுக்கு உதவி கொடுத்தால் பதினோராவது குடும்பத்தின் மனத்தாங்கலை அடுத்த ஞாயிறு ஆராதனையில் சந்திக்கப்போகிறவர் அவர். நீங்கள் எடுத்துச் சென்ற படம் முகநூலில் வந்து, அந்தத் தாய் தன் உறவுக்காரர் முன்னால் தலைகுனிந்தால், அவளுடைய படலையில் போய் நிற்க வேண்டியவரும் அவர்தான். அந்தப் பொறுப்பை உணர்ந்த எவரும் இரண்டு கிழமைக்கான முழு நிரலையும் ஒரே இரவில் எழுதி அனுப்பமாட்டார். முதலில் உங்களை விசாரிப்பார். ஆகவே, குருவானவர் கேள்வி கேட்பதை அவருடைய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்ததாக, அவர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று பாருங்கள். உங்களுக்கு மட்டும் கணக்குக் காட்டுகிறவர் என்றால் அது போதாது, ஏனென்றால் நீங்கள் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறீர்கள். சபைக்கு யாப்பு உண்டா, நிருவாகக் குழு கடைசியாக எப்போது கூடியது, வங்கிக் கணக்கு சபையின் பெயரில் இருக்கிறதா அல்லது அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறதா, காசோலையில் எத்தனை பேர் கையொப்பமிடுகிறார்கள், அந்த இரண்டாவது கையொப்பம் அவருடைய மனைவியுடையதா என்றெல்லாம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் சபையின் முன்னாள் செயலாளர் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி) வைத்திருந்தார். மீள்குடியேற்றத்தின் பின் வெளிநாட்டு உதவியில் ஆடு கொடுத்த குடும்பங்களின் பெயர்கள் அதில் இருந்தன: பெயர், கிராம அலுவலர் பிரிவு, ஆட்டின் எண்ணிக்கை, கொடுத்த திகதி. கடைசி நிரலுக்கு அவர் தலைப்பு எழுதவில்லை. ஆனால் அதில் ‘இரண்டு குட்டி’, ‘நாய் கடித்துச் செத்தது’, ‘மகளின் சாமத்தியச் செலவுக்கு விற்றது’, ‘கேட்கப் போனபோது வீட்டில் ஆளில்லை’ என்று வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பேனையில் எழுதப்பட்டிருந்தன. கொடுத்ததைக் காட்டும் படம் எவரிடமும் இருக்கும். அந்தக் கடைசி நிரல் உங்கள் மூவரில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மாங்குளம் வான்காரன்

நான் சபைக்காரன் அல்லன், வான் ஓடுகிறவன். வெளிநாட்டிலிருந்து வரும் குழுக்களைக் கொழும்பிலிருந்து ஏற்றி வந்து ஏ-9 வீதியிலும் உள்வீதிகளிலும் கொண்டு திரிந்து திரும்ப இறக்கிவிடுவதே என் தொழில் என்பதால், குழுக்கள் பார்க்காத சிலவற்றை நான் பார்க்கிறேன்.

நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். காலையில் பூநகரி, மத்தியானம் ஒட்டுசுட்டான், மாலையில் கொக்கிளாய் என்று ஒருவர் எழுதியிருந்தால், உங்களைப் பலருக்குக் காட்டுவதுதான் அவருடைய எண்ணம். எந்த ஊரிலும் உங்களை இருத்தி வைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அப்படியான நாளில் குழு வானுக்குள்தான் ஊழியம் செய்கிறது. ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள், மாலை போடுவார்கள், பிந்தி வந்த குழு அரை மணித்தியாலத்தில் கிளம்பிவிடும். ஊர்ச்சனம் அதை முகத்துக்கு நேரே சொல்லாது. நாங்கள் திரும்பி வரும்போது தேநீர்க் கடையில் சொல்லும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். ஒரு பயணத்தின்போது, பொறுப்பெடுத்திருந்தவர் வானின் பின் இருக்கையில் இருந்து பற்றுச்சீட்டுக்களை நிரப்பிக்கொண்டு வந்தார். மூன்று கடைகளின் பெயர், மூன்று றப்பர் முத்திரை, ஆனால் ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனை. முன்னால் இருந்த பிள்ளைகள் கிற்றார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். வாங்கும்போது உங்களில் ஒருவர் கடைக்குக் கூடப் போக இடம் கொடுப்பாரா என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் நல்லூர்த் திருவிழாவும் மடுமாதா திருநாளும் ஒன்றாக வருவதால் நல்ல வான் கிடைப்பது கடினம், வாடகையும் ஏறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடாரச் சபை

நான் ஒரு தனிச் சபையின் போதகர். வாத்தியார் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த இழை போகிற போக்கில், பழைய சபை என்றால் நம்பலாம், தனிச் சபை என்றால் ஐயப்பட வேண்டும் என்ற முடிவுக்கு வாசிப்பவர்கள் வந்துவிடக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற சபைகள் பல, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாள் கொட்டில்களுக்குள் கூடிய ஜெபக் கூட்டங்களிலிருந்து எழும்பியவை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது சனத்தோடு சனமாக நாங்களும் காடு மண்டிக் கிடந்த காணிகளுக்குத் திரும்பினோம். எங்களிடம் நூற்றாண்டு பழைய கட்டடமோ, ஆதீனத்தின் (மறைமாவட்டத்தின்) கடிதத் தலைப்போ கிடையாது. புதிய வழிபாட்டு இடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிப் பல இடங்களில் சிறிய சபைகளை மறித்திருக்கிறார்கள் என்பதால், பத்திரமும் பதிவும் இல்லாதது எல்லா வேளையிலும் அந்தப் போதகரின் நேர்மையின்மைக்குச் சான்றாகாது. வாட்ஸ்அப்பில் கெதியாகப் பதில் போடுவதும் பாவமன்று. குருவானவருக்கு மூன்று ஊர்களில் ஆராதனை இருக்கலாம். எனக்கு ஒரே ஊர்தான்.

என்றாலும் அளவுகோல் வேண்டும் என்பது சரியே. அந்தப் போதகர் சபைகளின் ஐக்கியம் ஏதேனும் ஒன்றில் இருக்கிறாரா, பக்கத்து ஊர்ப் போதகர்களோடு மாதத்துக்கு ஒரு முறையாவது ஜெபிக்கக் கூடுகிறாரா என்று விசாரியுங்கள். ஊரில் எந்த ஊழியரோடும் ஒட்டாமல் வெளிநாட்டோடு மட்டும் ஒட்டியிருப்பவரைக் கண்டால் நானும் தயங்குவேன்.

ஈஸ்ட்ஹாம் வாசகர்

11 பேருக்கும் விமானச் சீட்டு மட்டும் இருபதாயிரம் கனேடிய டொலரைத் தாண்டும். அந்தக் காசை அப்படியே அனுப்பினால் என்ன? இவ்வளவு ஆராய்ச்சியும் தேவைப்படாதே.

கரைச்சி வாத்தியார்

காசை அனுப்பினாலும் யாருக்கு அனுப்புவது என்ற அதே கேள்விதான் எழும் ஐயா, ஆராய்ச்சி குறையாது. அதைவிட, வந்து பார்ப்பதற்கும் ஒரு பெறுமதி உண்டு என்று நினைக்கிறேன். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த முதியவர்கள் பலர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் வயதுள்ள ஒருவர் மூன்று மாலை நேரங்கள் தொடர்ந்து வந்து திண்ணையில் இருந்து கேட்டால், அவர்கள் கதைக்கத் தொடங்குவார்கள். ஒரே மாலையில் அது நடக்காது என்பதால்தான், உங்களை ஒரே ஊரில் இருத்தி வைக்கக்கூடிய பொறுப்பாளர் வேண்டும் என்கிறேன்.

முள்ளியவளைப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. சில விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு வைத்தியர்களும் ஒரு தாதியும் இருப்பதால் இரண்டு நாள் மருத்துவ முகாம் நடத்த எண்ணியிருக்கிறோம். போதகர் அதற்கு உடனே இணங்கினார். பாடசாலை விடுமுறை என்பதால் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பாடசாலையும் உண்டு. அதற்கு வசதியாகச் சிறுவர் இல்லத்திலேயே தங்கிவிடலாம் என்று குழுவில் இளையவர்கள் ஆசைப்படுகிறார்கள். அதில் ஏதேனும் சிக்கல் இருக்கிறதா?

நந்திக்கடல்

முல்லைத்தீவு மாவட்டத்தில் சிறுவர் பாதுகாப்பு வேலையில் இருந்து வருகிறேன். தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு மறுமொழி: சிக்கல் இருக்கிறது, அங்கே தங்க வேண்டாம்.

சிறுவர் இல்லம் என்பது அந்தப் பிள்ளைகளின் வீடு. அது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவுசெய்யப்பட்டு, அதன் உத்தியோகத்தர்களின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. அங்கே முன்பின் அறியாத 11 பேரை இரவு தங்க வைக்கிறேன் என்று ஒருவர் தானாகவே சொல்கிறார், உங்களிடம் பொலிஸ் நற்சான்றுகூடக் கேட்கவில்லை என்றால், உங்களுக்கு முன் வந்தவர்களிடமும் அவர் கேட்டிருக்கமாட்டார். உங்களுக்கு வசதியாகத் தெரியும் அந்தப் பெருந்தன்மைதான் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. நீங்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாசலைத் திறந்து வைத்திருப்பவருக்கு நல்லவரையும் அல்லாதவரையும் பிரித்துப் பார்க்கும் வழி எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வன்னியில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள்; வறுமையும் குடும்பப் பிரிவும் அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இரண்டு கிழமை மடியில் வைத்துக் கொஞ்சி, பெயர் சொல்லி அழைத்து, பிறகு கண்ணீரோடு விடைபெறும் அண்ணன்மாரும் அக்காமாரும் ஒவ்வொரு வருடமும் புதிது புதிதாக வருவதை அந்தப் பிள்ளைகள் எப்படித் தாங்கும் என்று உங்கள் இளையவர்களை யோசிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு சின்னப் பிள்ளை, வான் வளவுக்குள் திரும்பும்போதே ஓடிப்போய் வாசலில் நின்று, யார் என்று பார்க்காமலே கையைப் பிடிக்கப் பழகியிருந்தாள்.

நல்ல பொறுப்பாளர் உங்களிடம் என்ன கேட்பார் தெரியுமா? வருகிறவர்களின் பொலிஸ் நற்சான்று கேட்பார். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக்கூடாது என்று எழுதி உங்களிடம் கையொப்பம் வாங்குவார். பிள்ளையின் முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடக்கூடாது என்பார். முறைப்பாடு செய்ய 1929 என்ற இலக்கம் இருப்பதை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் பிள்ளைகளுக்குத் தெரியும்படி ஒட்டி வைப்பார். உங்கள் மூவரில் இவற்றில் ஒன்றையாவது கேட்டவர் யார்?

முள்ளியவளைப் பேரன்

அக்கா, பொலிஸ் நற்சான்றைக் கேட்டவர் குருவானவர் மட்டுமே. அதை நாங்கள் அவநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டோம்.

ஓமந்தை

மருத்துவ முகாமுக்கும் வீசாவுக்குமான நடைமுறைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் பொறுப்பாளரின் தரம் இங்கேதான் வெளிப்படும்.

வெளிநாட்டில் பதிவுபெற்ற வைத்தியர் இலங்கையில் நோயாளரைப் பார்ப்பதற்கு இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். சூட்கேசில் மருந்து கொண்டுவந்து கொடுப்பதும் அப்படியே. 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது, அதன் அனுமதியில்லாமல் மருந்தை இறக்க முடியாது. முகாம் நடக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். இவை எதையும் சொல்லாமல் ஒருவர் உடனே இணங்கினார் என்றால், ஒன்று அவருக்கு நடைமுறை தெரியாது, அல்லது நடந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார். இரண்டாவது வகையென்றால் மாட்டுப்படுவது உங்கள் வைத்தியர்கள்தான்.

வீசாவைப் பொறுத்தவரை, இணையத்தில் எடுக்கும் சுற்றுலா அனுமதி உறவினரைப் பார்ப்பதற்கும் ஊர் பார்ப்பதற்கும் உரியது. மேடை போட்டுப் பிரசங்கம் செய்வதற்கு அன்று. சமயப் பணிக்கென வருகிறவர்களின் வீசாவுக்குக் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் பரிந்துரை வழியாகப் போக வேண்டும். அந்த வழியில் விண்ணப்பிக்க ஆதீனம் போன்ற அமைப்புக்கு எளிது, தனி ஒருவருக்குக் கடினம். பெரிய தொகையில் நலத்திட்டம் செய்கிற அமைப்பானால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அல்லது பிரதேச செயலகத்தில் பதிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் குழுவின் விபரத்தை முன்கூட்டியே கொடுக்கிறவர் உங்களைப் பாதுகாக்கிறார். சிவில் உடையில் இருவர் வந்து ‘எங்கேயிருந்து, எதற்கு’ என்று விசாரிப்பது இங்கே புதிதன்று. வடக்குக்கு வரும் வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்து 2015 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. விதி போனாலும் பழக்கம் போகவில்லை. விசாரணை வரும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள், வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார்.

ட்ரோன் கருவியை அனுமதியின்றிக் கொண்டுவர வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை உள்ள காணிக்குள் படம் எடுக்கவும் இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

கரைச்சி வாத்தியார்

ஓமந்தையார் சொன்னதோடு ஒரு சிறு பழங்கதை. 1847 இல் அமெரிக்க மிஷன் அனுப்பி யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்ப்பித்தார். அவர் போனபின் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். உங்கள் இரு வைத்தியர்களும் முகாமுக்குப் பதிலாகக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள தாதியர்களோடும் குடும்பநல உத்தியோகத்தர்களோடும் இரண்டு நாள் இருந்து கற்பித்தால், அதற்கு எவ்வளவோ குறைந்த தடைதான் இருக்கும். அப்படியொரு யோசனையை உங்களுக்குச் சொல்லக்கூடியவர் உங்கள் மூவரில் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

வற்றாப்பளையான்

நான் சைவன். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் நீங்கள் வரப்போவது எங்கள் ஊர்ப் பக்கம், எங்கள் அயலவர் மத்தியில் என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சைவ வீடும் வேதக்கார வீடும் ஒரே வேலியைப் பங்கிட்டு வாழ்கின்றன. கண்ணகை அம்மன் பொங்கலுக்கு அவர்களும் வந்து நின்று உதவுவார்கள். நத்தாருக்குப் பலகாரத் தட்டு எங்கள் வீட்டுக்கு வரும். மனக்கசப்பு எப்போது வந்தது என்றால், வெளியிலிருந்து வந்த குழுக்கள் பாடசாலைப் பையையும் பால்மாவையும் துண்டுப் பிரசுரத்தையும் ஒரே பொதியில் வைத்துக் கொடுத்தபோதுதான். கொப்பி வாங்க வந்த பிள்ளையை முதலில் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால், அந்தப் பிள்ளையின் பாட்டனாருக்கு எப்படி இருக்கும்? நீங்கள் உங்கள் சபைக்குள் எதைப் பிரசங்கித்தாலும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. உதவியென்றால் அதை உதவியாகக் கொடுங்கள்.

பொறுப்பாளரைத் தெரிவுசெய்வதற்கு என் பங்குக்கு ஒரு வழி சொல்கிறேன். அவருடைய வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரரிடம் கேளுங்கள், அதிலும் வேறு சமயத்தவரிடம் கேளுங்கள். கோயில் நிருவாகம் அவரை மதிக்கிறதா, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவர் வருகிறாரா, செத்த வீட்டுக்கு வருகிறாரா என்று கேளுங்கள். சபை மக்கள் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதோடு, வைகாசியில் பொங்கல் காலத்தில் ஊர் நோன்பிலும் நேர்த்தியிலும் இருக்கும். மே 18 ஐ அண்டிய நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் அழுதுகொண்டு நிற்கும். அந்த நாட்களில் கூட்டம் வைக்கச் சொல்கிறவருக்கு இந்த ஊரைத் தெரியாது.

கூடாரச் சபை

வற்றாப்பளை ஐயாவின் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறவனுக்கு என் விசுவாசத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பும் அதைத் தருகிறது. அந்த உரிமையைப் பால்மாப் பொதியோடு கட்டினால் அதைக் கெடுப்பது நாங்களேதான். இதில் எங்களிடையே இன்னும் கதைக்க வேண்டியது இருக்கிறது. இந்த இழையில் வேண்டாம்.

மலையாளபுரம்

இதுவரை யாரும் தொடாத ஒன்று. உதவி பெறுகிறவர்களின் பட்டியலை யார் எழுதுகிறார்? எங்கள் பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிக் காட்டை வெட்டிக் குடியிருந்தவர்கள். இங்கே எல்லோரையும் போல இடம்பெயர்ந்தோம், எல்லோரையும் போல இழந்தோம். என்றாலும் வெளிநாட்டுக் குழு வந்து போனபின் பார்த்தால், பட்டியலில் பொறுப்பாளரின் சொந்தக்காரரும் சபைக்கு ஒழுங்காக வருகிறவர்களுமே இருப்பார்கள். காணிப் பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டத்திலும் பின்னுக்குத் தள்ளப்பட்ட எங்கள் சனம், சபை உதவியிலும் பின்னுக்குத்தான் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் தங்கள் பாட்டனாரின் ஊரைத் தேடித்தான் வருகிறார்கள். எங்களுக்கு ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகள் இல்லை.

பட்டியலை மாதர் சங்கமும் கிராம அலுவலரும் பார்த்துச் சரிசெய்ய விடுவாரா, சபைக்கு வராத குடும்பம் அதில் எத்தனை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரை விட்டுவிடுங்கள்.

முள்ளியவளைப் பேரன்

கடந்த இரண்டு கிழமையில் மூவரோடும் தொலைபேசியில் நீண்ட நேரம் கதைத்தேன். இங்கே நீங்கள் எழுதியவற்றைத்தான் கேட்டேன்.

சிறுவர் இல்லத்தை நடத்துகிறவர், பதிவு இலக்கத்தையும் தங்குவதற்குத் திணைக்களத்தின் சம்மதத்தையும் கேட்டதும், இவ்வளவு சந்தேகம் இருந்தால் வேறிடம் பார்க்கலாம் என்றார். அந்தத் தெரிவு அங்கேயே முடிந்தது.

விசுவமடுப் போதகர் நான் எதிர்பார்த்தது போல் நடந்துகொள்ளவில்லை. நிகழ்ச்சி நிரலை ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டபோது, முன்பு வந்த குழுவொன்று ‘நாளுக்கு நான்கு நிகழ்ச்சி இல்லாவிட்டால் நன்கொடையாளருக்குக் காட்ட ஒன்றுமில்லை’ என்று குறைப்பட்டதாகவும், நாங்களும் அதைத்தான் விரும்புவோம் என்று நினைத்ததாகவும் சொன்னார். அந்தக் குழுவின் தொடர்பையும் தயங்காமல் தந்தார். அவர்களோடு கதைத்தேன், பணக் கணக்கில் குறை சொல்லவில்லை. வங்கிக் கணக்கு அவருடைய சொந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்ற விருப்பம், ஆனால் பதிவில்லாமல் வங்கி ஏற்கவில்லை என்கிறார். கூடாரச் சபை ஐயா எழுதியதை வாசித்திராவிட்டால் அதை நம்பியிருக்கமாட்டேன்.

குருவானவர் நேரடியாகவே சொன்னார்: 11 பேரை ஆகஸ்ட்டில் ஏற்க மாட்டேன், என்னிடம் ஆள் இல்லை, இரண்டு பேர் முதலில் வந்து பத்து நாள் இருந்து பாருங்கள், அதன்பின் 11 பேர் தேவையா என்று நீங்களே சொல்லுங்கள். செயற்குழுவில் இது பெரிய வாக்குவாதமாகி, விமானச் சீட்டுக்கு முற்பணம் கட்டியவர்கள் கோபப்பட்டார்கள். கடைசியில் வாக்கெடுப்பில் ஆகஸ்ட் பயணம் ஒத்திவைக்கப்பட்டது. வருகிற பெப்ரவரியில் நானும் எங்கள் மூப்பர் ஒருவரும் சொந்தச் செலவில் வருகிறோம். முள்ளியவளையில் மாமி வீட்டில் தங்குவோம். குருவானவரையும் போதகரையும் அவரவர் இடத்தில் சந்திப்போம். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாம். எல்லோருமாக ஒன்றாக இருந்து கதைக்கலாமா என்று கேட்டேன், இருவரும் சம்மதித்தார்கள். மலையாளபுரத்துக்கும் வர விரும்புகிறேன், யாரைக் கேட்க வேண்டும் என்று தனிமடலில் சொல்வீர்களா?

மலையாளபுரம்

அனுப்பியிருக்கிறேன். எங்கள் மாதர் சங்கக் கூட்டம் நடக்கும் நாளில் வாருங்கள். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

நந்திக்கடல்

தம்பி, உங்கள் இருவரின் பொலிஸ் நற்சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாங்குளம் வான்காரன்

பெப்ரவரியில் காலபோக அறுவடை நடக்கும். ஏ-35 வீதியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரையும் வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அறுவடை இயந்திரங்களும் வீதியை அடைத்துக்கொண்டு போகும். ஆகவே ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வயலில் வேலை முடிந்து சனம் வீட்டுக்கு வர இருட்டிவிடும் என்பதால் பகலில் ஆட்களைச் சந்திக்க நினைக்க வேண்டாம், ஆறரை மணிக்குப் பின் போங்கள். இரண்டு பேருக்கு வான் பிடிப்பது வீண் செலவு. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து மாங்குளம் சந்தியில் இறங்கினால், முள்ளியவளைக்கு அங்கேயிருந்து பஸ் இருக்கிறது. உள்ளூரில் ஓட்டோ போதும். ஓட்டோவை நாள் வாடகைக்குப் பேசுங்கள், இடத்துக்கு இடம் பேச வேண்டாம்.